வைரக் கட்டடத்துக்கு ஒரு வெயில் வீட்டிலிருந்து

பெறுநர்: சுருஹான்ஜாயா தெனாகா எனும் எரிசக்தி ஆணையம், வைரக் கட்டடம், பிரசிண்ட் 2, புத்ராஜெயா.

அனுப்புநர்: மின்சாரப் பயனீட்டாளர் ஒருவர், மலிவு விலை வரிசை வீடு, ஹுத்தான் மெலிந்தாங், பேராக்.

பொருள்: வீட்டில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் அறிவுரைகளை நிறைவேற்றிய விவரம் சமர்ப்பித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஆளில்லாத அறையில் விளக்கை அணையுங்கள், வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்குங்கள், துணியை வெயிலில் காயப்போடுங்கள், ஏர்கோனை 24 பாகைக்குக் கீழே இறக்காதீர்கள் என்று அரசாங்கம் ஆண்டுக்கணக்காக எங்களுக்குப் புத்திமதி சொல்லி வருகிறது. அவற்றைச் சிரமேற்கொண்டு என்னென்ன செய்தோம் என்று பணிவுடன் அறிவிக்கவே இக்கடிதம்.

முதலாவது, துணி. ஹுத்தான் மெலிந்தாங்கில் துணியை வெயிலில்தான் காயப்போடுகிறோம். வேறு எதில் காயப்போடலாம் என்ற யோசனை எங்களுக்கு இதுவரை வந்ததில்லை. இந்த அறிவுரையை நூற்றுக்கு நூறு நிறைவேற்றிவிட்டோம் என்று தங்கள் கோப்பில் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, விளக்கு. இதிலும் நாங்கள் பழைய மாணவர்கள். எங்கள் தாமான்களில் குடியிருப்போரில் பலர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். பல தோட்டங்களில் லயத்துக்குக் கரண்டு வந்ததே தோட்டத்து எஞ்சினிலிருந்துதான். அதுவும் இரவில் சில மணி நேரம். எஞ்சின் நின்றால் பாதிப் பாடத்தில் இருந்த பிள்ளையும் படுக்க வேண்டியதுதான். எங்கள் பக்கத்து ஜென்டராத்தா தோட்டத்தை 1906இல் தொடங்கிய ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் எஞ்சினியர், பாங்காக்கில் மின்சாரக் கம்பெனி வேலை பார்த்தவர். அப்பேர்ப்பட்டவரே இங்கு வந்து ரப்பர்தான் நட்டார். 1930இல் செண்டெரோ அணை மின்சாரம் எடுக்கத் தொடங்கியபோது, அது போய்ச் சேர்ந்த இடம் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள். பேராக்கில் கரண்டு எப்போதும் பெரிய இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் சின்ன இடத்துக்கு வரும். ஆகவே விளக்கை அணைப்பது எங்களுக்குப் புதுப்பாடம் அல்ல, பரம்பரைச் சொத்து.

மூன்றாவது, பிளக்கு. கைப்பேசி சார்ஜரைச் சுவரில் விட்டுவைப்பது பெருங்குற்றம் என்று பிள்ளைகள் பள்ளியில் படித்துவிட்டு வந்து எங்களைக் கண்டிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பேசியை மாட்டாமல் சும்மா தொங்கும் இந்தக் காலத்துச் சார்ஜர் ஆண்டு முழுக்கத் தின்பது ஏறத்தாழ 2 யூனிட். காசாகச் சொன்னால் ஒரு வெள்ளியைத் தொடாது. அதே 2 யூனிட்டை ஒரு குதிரைச் சக்தி ஏர்கோன் மூன்று மணி நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனாலும் பிடுங்குகிறோம். குனிந்து நிமிர்வது உடம்புக்கு நல்லதுதானே.

நான்காவது, சாமி விளக்கு. படத்துக்கு முன்னால் இரவு பகலாக எரியும் 5 வாட் சிவப்பு பல்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 44 யூனிட் இழுக்கிறது. சார்ஜரைப் போல இருபது மடங்குக்கும் மேல். பகலிலாவது அணைக்கலாமே என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். “ஏன் தம்பி, சாமிய இருட்டுல ஒக்கார வைக்கச் சொல்லி புத்ராஜெயாவுல சொன்னாங்களா?” என்றார். தங்கள் சார்பில் பதில் சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லாததால், 1 வாட் எல்ஈடி பல்பு வாங்கி மாட்டிக் கொடுத்தேன். சாமியும் வெளிச்சத்தில் இருக்கிறார், மீட்டரும் மெல்ல ஓடுகிறது.

ஐந்தாவது, நேரம். 2025 ஜூலை 1 முதல் புதிய கட்டணம் வந்ததும், விரும்புகிற வீடுகள் நேரத்துக்கு ஏற்ற கட்டணத்துக்கு மாறலாம் என்றீர்கள். வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மற்ற நேரத்தில் விலை குறைவு. அருமையான ஏற்பாடு. பிள்ளைகள் பள்ளி முடிந்து வருவது, வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவது, சோறு வடிப்பது, சட்டைக்கு இஸ்திரி போடுவது எல்லாமே அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் நடக்கிறது என்பது மட்டுமே சிறு இடைஞ்சல். இரவு பத்துக்கு மேல் வாஷிங் மெஷினைப் போட்டால், ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் குடும்பமும் எங்களோடு சேர்ந்து சுழலும்.

நன்றி சொல்ல வேண்டியதற்கு நன்றியும் சொல்லிவிடுகிறேன். எரிசக்திக் கட்டணம், திறன் கட்டணம், கட்டமைப்புக் கட்டணம் மூன்றும் சேர்ந்து ஒரு யூனிட் 44.43 சென். மாதம் 200 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 சென் கழிவு தருகிறீர்கள். 600 யூனிட் வரைக்கும் மாதச் சில்லறைக் கட்டணம் 10 வெள்ளி கிடையாது. 601ஆவது யூனிட்தான் அந்தப் பத்து வெள்ளியையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது. குறைவாகச் செலவழிப்பவரைத் தட்டிக்கொடுக்கும் கணக்கு இது, குறை சொல்வதற்கில்லை.

ஐயா, அம்மையீர், இத்தனையும் செய்த பிறகும் எங்கள் பில் இறங்க மாட்டேன் என்கிறது. காரணத்தைத் தேடியதில், அது சுவிட்சில் இல்லை, சுவரில் இருக்கிறது என்று தெரிந்தது.

எங்கள் வீடு மேற்கே பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு முன்சுவரில் விழும் வெயில் ஏழு மணிக்குத்தான் விடைபெறுகிறது. இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்தால் காய்ச்சல்காரன் நெற்றி போலச் சுடும். மேலே ஓடு, அதற்குக் கீழே சன்னமான சீலிங் பலகை. இரண்டுக்கும் நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் தாளோ பஞ்சோ எதுவும் கிடையாது. பகல் முழுக்க அங்கே அடைபட்ட சூடு இரவில் எங்கள் கட்டிலுக்கு இறங்குகிறது. காத்தாடியை ஐந்தில் வைத்தால் அந்தச் சூட்டைத்தான் இன்னும் வேகமாகக் கீழே தள்ளும். ஏர்கோனை 24இல் வைத்தாலும், அது முதலில் குளிர்விப்பது எங்களை அல்ல, செங்கல்லை. செங்கல் ஆறும் வரைக்கும் கம்ப்ரசர் ஓயாது.

தோட்டத்து வீட்டைப் புகழ வரவில்லை. ஒழுகிய கூரையும் பொதுக்குழாய்ச் சண்டையும் யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் பலகைச் சுவர் பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும், இடுக்கு வழியே காற்று வரும். தோட்டம் துண்டாடப்பட்டுத் தாமானுக்கு வந்தபோது எங்களுக்குக் கல்வீடு கிடைத்தது; கூடவே ஏர்கோன் கடனும் வந்து சேர்ந்தது.

இதையெல்லாம் தங்களிடம் சொல்லக் காரணம், இந்த நாட்டில் இதை நன்றாக அறிந்தவர்கள் தாங்கள்தான். 2010இல் எழுந்த தங்கள் தலைமையகத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். கவிழ்த்து வைத்த பிரமிடு போன்ற கட்டடம் அது. மேல்மாடி கீழ்மாடிக்கு நிழல் கொடுக்கும்படி கண்ணாடிச் சுவரை 25 பாகை உள்ளே சாய்த்திருக்கிறீர்கள். நடு முற்றம் வழியே பகல் வெளிச்சம் கீழ்த்தளம் வரை இறங்குகிறது. தளத்துக்குள் குழாய் பதித்து, இரவில் குளிர்ந்த நீரை ஓடவிட்டு, மறுநாள் வேலை நேரத்துக்குத் தளத்தையே குளிரவைக்கிறீர்கள். சாதாரண அலுவலகம் இழுப்பதில் பாதிகூட அந்தக் கட்டடம் இழுப்பதில்லை. உங்கள் தளம் இரவில் குளிர்கிறது, எங்கள் சுவர் இரவில் சுடுகிறது. உங்கள் ஊழியர்கள் விளக்கை அணைத்து அணைத்தா இந்தச் சாதனை வந்தது? கட்டும்போதே வெயிலைத் தடுத்ததால் வந்தது.

சட்டமும் இல்லாமல் இல்லை. 2012இல் கட்டடத் துணைவிதிகளில் 38ஏ சேர்ந்தது. வீடாயிருந்தாலும் கூரை வழியே இறங்கும் வெப்பத்துக்கு ஒரு வரம்பு வைத்தது. நல்ல விதிதான். ஆனால் அது பிறப்பதற்கு முன்பே எங்கள் கூரை வேய்ந்தாகிவிட்டது. 2025 ஜனவரி 1 முதல் எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. அது ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் இழுப்பவரைத்தான் பெரிய பயனீட்டாளராகப் பார்க்கிறது. மாதம் 300 யூனிட் எரிக்கும் எங்கள் மாதிரி வீடுகள் 1,600க்கு மேல் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த அளவை எட்டும். சட்டத்துக்கு நாங்கள் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னவர்கள். அறிவுரைக்கு மட்டும் எப்படியோ முதல் வரிசையில் நிற்கிறோம்.

ஆகவே மூன்றே மூன்று விண்ணப்பம்.

ஒன்று: 2021இல் நான்கு, ஐந்து நட்சத்திர ஐஸ்பெட்டியோ ஏர்கோனோ வாங்கியவருக்கு அரசாங்கம் 200 வெள்ளி கழிவு கொடுத்தது. அதே கழிவைப் பழைய மலிவு விலை வீட்டுக் கூரைக்கடியில் வெப்பத் தடுப்புத் தாள் விரிப்பவருக்கும் கொடுங்கள். புது ஏர்கோன் பத்து ஆண்டில் தேயும்; தாள் பேசாமல் கிடந்து உழைக்கும்.

இரண்டு: அறிவுரைப் பட்டியலில் சார்ஜருக்கு ஒதுக்கிய வரியில் மேற்குச் சுவருக்கு ஒரு பந்தல், ஒரு வெள்ளைப் பூச்சு, ஒரு மரம் என்று எழுதுங்கள். எது பெரிய செலவு, எது சின்னச் செலவு என்று யூனிட்டில் போட்டுக் காட்டுங்கள். கூட்டல் கழித்தல் எங்களுக்கு நன்றாக வரும்.

மூன்று: கூரை எங்கள் இலாகா இல்லை, அது வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் பொறுப்பு என்பீர்கள். அந்த அமைச்சும் புத்ராஜெயாவில்தான் இருக்கிறது. இங்கிருந்து நாங்கள் போவதைவிட அங்கிருந்து நீங்கள் போவது பக்கம், பெட்ரோலும் மிச்சம்.

கூரைக்கு ஒரு வழி செய்யுங்கள். விளக்கை நாங்களே அணைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒழுங்காகப் பில் கட்டிவரும் பயனீட்டாளர்,
ஹுத்தான் மெலிந்தாங்.