முகமும் பதிவெண்ணும்: புக்கிட் பாத்தோக் அஞ்சல்பெட்டிப் படிவங்கள் குறித்த ஓர் ஆய்வு

சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் ஆராயத்தக்கவை ஏற்கெனவே பங்கு போடப்பட்டுவிட்டன. கருங்கல் வெட்டிய பள்ளம் நீர் நிறைந்து ‘லிட்டில் குய்லின்’ ஆன கதை நிலவியலாருக்குப் போனது. ஜப்பானியர் 1942இல் போர்க்கைதிகளைக் கொண்டு குன்றின் மேல் எழுப்பிய நினைவுச்சின்னம் வரலாற்றாசிரியர்களுக்குப் போனது. கேட்பாரற்றுக் கிடப்பது ஒன்றே ஒன்று: வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்குகளின் கீழ்த்தளத்தில், அஞ்சல்பெட்டிகளின் அடியில் வாராவாரம் சேரும் வழவழப்பான தாள்படிவம். சொத்து முகவர்களின் துண்டுப்பிரசுரம் என்று பாமரர் அதை அழைப்பர்.

இப்படிவத்தை உருவாக்குபவர் முகவர் அல்லர், அவருக்கு வடிவமைப்புச் சேவை விற்பவர். ஆகவே இவ்வாய்வு உண்மையில் அந்த வடிவமைப்பாளரைப் பற்றியது.

தாளை மேலிருந்து கீழாகப் படித்தால் ஒரு விதி புலப்படும். எழுத்தின் பருமனும், எழுதப்பட்டதைச் சரிபார்க்கும் வாய்ப்பும் எதிர்விகிதத்தில் இயங்குகின்றன. உச்சியில், அரை விரல் உயரத்தில், “உங்கள் புளோக்கில் வீடு தேடும் குடும்பம் காத்திருக்கிறது!” என்றிருக்கும். அந்தக் குடும்பம் எங்கே காத்திருக்கிறது, உட்கார நாற்காலியாவது கொடுத்தார்களா என்ற விவரம் இராது. அதற்குக் கீழே, சற்றே சிறிய எழுத்தில், “சாதனை விலை!”. இதை ஓரளவு சரிபார்க்கலாம். மறுவிற்பனை விலைகளைப் புளோக் வாரியாக, மாடி வரம்போடு வீவகவே இலவசமாக வெளியிடுகிறது. கடைசி வரியில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கவேண்டிய அளவில், R என்று தொடங்கும் ஒரு பதிவெண். 2010ஆம் ஆண்டின் சொத்து முகவர் சட்டத்தின் கீழ் அமைந்த சிஇஏ மன்றம் விளம்பரத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று சொல்பவை முகவரின் பெயர், பதிவெண், பதிவுசெய்த தொலைபேசி எண், நிறுவனத்தின் பெயர், உரிம எண் ஆகியவை. அந்த R எண்ணை மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தட்டினால், முகவர் முடித்துக்கொடுத்த விற்பனைகளின் பட்டியலே வந்துவிடும். தாளிலேயே பயனுள்ள வரி அதுதான். வடிவமைப்பாளர் அதற்கு ஒதுக்கும் இடம் ஓர் அரிசிமணி நீளம்.

ஏன் இப்படி? காரணம் அழகியல் அன்று, பொருளியல்.

சிங்கப்பூரில் பதிவுபெற்ற முகவர்கள் 30,000க்கும் மேல். பெரும்பாலோர்க்கு மாதச் சம்பளம் கிடையாது; தரகுதான் வருமானம். ஈஆர்ஏ, ஆரஞ்ச்டீ, 2018இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ப்ராப்நெக்ஸ் என்று எந்த நிறுவனக் கொடியின் கீழ் நின்றாலும், அதே சின்னத்தை அணிந்த ஆயிரக்கணக்கானோர் பக்கத்தில் நிற்கிறார்கள். விலைத் தகவல் எல்லாருக்கும் ஒன்று, சட்டம் ஒன்று. ஒரே பேரத்தில் வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் வேலை பார்ப்பதும் தடை. மிஞ்சும் தனிச்சொத்து முகம்தான். நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே, வியர்வை வழியும் ஊரில், கோட்டு மாட்டிக் கைகளைக் குறுக்கே கட்டி நிற்கும் அந்த நிழற்படத்தைத்தான் வடிவமைப்பாளர் விற்கிறார். “லோகோவச் சின்னதாக்குங்க, என் படத்தப் பெருசாக்குங்க” என்ற திருத்தம் வராத வேலை இத்துறையில் இல்லை என்றே கருதலாம். 2013இல் கேன்வா என்ற வடிவமைப்புத் தளம் வந்தபின் முகவர்கள் சிலர் தாங்களே வடிவமைக்கத் தொடங்கினர். அப்போதும் பெரிதானது படம்தான்.

இனி, கைப்பேசி யுகத்தில் தாள் எதற்கு என்ற ஆட்சேபத்துக்கு வருவோம். 2014 ஜனவரி 2 முதல் விளம்பர அழைப்பு வேண்டாதோர் பதிவேடு நடப்பில் உள்ளது. அதில் எண்ணைப் பதிந்தவர்க்கு அழைப்பும் குறுஞ்செய்தியும் கூடாது. தூணில் ஒட்டலாமென்றால், அனுமதியின்றிச் சுவரொட்டி ஒட்டுவது 1966ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டத்துக்குள் வருகிறது. (சென்னைச் சுவரொட்டிக்காரர்கள் இவ்வரியை இருமுறை படிக்கவும்.) எஞ்சியது அஞ்சல்பெட்டி. அதற்கும் இப்போது விளம்பரத்தைத் தடுக்கும் மூடி உண்டு. ஆனால் அஞ்சல்காரரிடம் பெட்டித் தொகுதி முழுவதையும் திறக்கும் சாவி இருக்கிறது. முகவரியற்ற விளம்பரங்களையும் கட்டணம் பெற்றுச் சேர்க்கும் சேவை அஞ்சல் நிறுவனமான சிங்போஸ்ட்டிடம் இருக்கிறது. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டின் கடைசி மூன்று இலக்கமே பொதுவாகப் புளோக் எண் என்பதால், எந்தப் புளோக்குக்கு எத்தனை தாள் என்று கணக்கிட வரைபடம்கூட வேண்டாம். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான ஐந்தாண்டு முடிந்து வீட்டை விற்கலாம் என்றாகும் புளோக்கில் படிவம் தடிப்பதும் இதனால்தான்.

தாளின் ஆயுள் தனி அத்தியாயம். “எல்லா இனத்தவரும் வாங்கலாம்” என்ற வரியை எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்குக்கும் வட்டாரத்துக்கும் இன விகித உச்சவரம்பு உண்டு. இந்தியருக்கும் பிற இனத்தவருக்கும் 2010இல் அது வட்டாரத்தில் 12 விழுக்காடாகவும் புளோக்கில் 15 விழுக்காடாகவும் உயர்த்தப்பட்டது. சீனர் வரம்பு நிரம்பிய புளோக்கில் தமிழர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குவோர் கூட்டம் சட்டென்று சுருங்கிவிடும். நிலவரம் மாதத்தின் முதல் நாளில் புதுப்பிக்கப்படுகிறது. ஆக, 28ஆம் தேதி அச்சான உண்மை 1ஆம் தேதி பொய்யாகலாம். பழச்சாற்றுப் பொட்டலத்தில் காலாவதித் தேதி உண்டு, இதில் இல்லை.

தீபாவளி நெருங்கும்போது படிவத்தில் ஓர் அரிய அடுக்கு தோன்றும்: அகல்விளக்குப் படமும் தமிழ் வாழ்த்தும். இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்வுசெய்யாத வடிவமைப்பு மென்பொருளில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தை விட்டுத் தனியே நடக்கும். முகவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2017இல் தேசிய தின அணிவகுப்பின் துண்டுப்பிரசுரத்திலேயே தமிழ் உடைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. தமிழ் தெரியாத முகவர் வரைவைப் பார்க்கிறார், தம் படம் நன்றாக இருக்கிறது, ஒப்புதல் தருகிறார். வாழ்த்து எப்படிச் சிதறியிருந்தாலும் R எண் மட்டும் பிசகாமல் வந்திருக்கும். அதில் தவறினால் மன்றம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். கொம்பைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.