சுவரைவிடத் தடித்த ஜன்னல்

கலிபோர்னியாவின் சன்னிவேலில் ஒரு சாதாரண வீட்டின் விலை பத்து லட்சம் டாலரைத் தாண்டி வெகுகாலம் ஆயிற்று. கம்ப்யூட்டர் வேலைக்கென்று இங்கே வந்து சேர்ந்த எங்களைப் போன்ற சிலர் அதனால்தான் மொபைல் ஹோமில் குடியிருக்கிறோம். வீடு நம்முடையது, அது நிற்கும் மனை மொபைல் ஹோம் பார்க் முதலாளியுடையது, அதற்கு மாத வாடகை தனி. தொழிற்சாலையில் செய்து, இரண்டு பாதியாக லாரியில் இழுத்துவந்து, இந்த இடத்தில் சேர்த்து முடுக்கிய வீடு. எங்களுடையது 1978-இல் பிறந்தது. 1980 ஜூலைக்கு முன் முதல் விற்பனையான இந்த ரக வீடுகளுக்குக் கலிபோர்னியாவில் பொதுவாக வீட்டுவரி கிடையாது, வாகனக் கணக்கில் ஆண்டுக்கு ஆண்டு பதிவுக் கட்டணம்தான். இதை ஊரிலிருக்கும் பெரியப்பாவிடம் சொன்னபோது, “அப்ப சக்கரம் எங்கே?” என்றார். கழற்றியாயிற்று என்றேன். “ஸ்டெப்னியாவது இருக்கா?” என்றார்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு ஜன்னல் மாற்ற வேண்டி வந்தது. பழைய ஜன்னல்கள் அலுமினியச் சட்டத்தில் ஒற்றைக் கண்ணாடி, படுக்கைவாட்டில் ஐந்தாறு பட்டைகள், பக்கத்தில் ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் பட்டைகள் எல்லாம் ஒன்றாக வெளிப்புறம் தூக்கும். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா பார்த்ததுமே, “நம்ம வீட்டு பாத்ரூம் வென்டிலேட்டரை ஹாலில் கொண்டுவந்து வெச்சிருக்காங்களேடா” என்றாள். டிசம்பர் இரவில் இந்தப் பட்டைகளின் இடுக்கு வழியாக வருகிற குளிரைவிட, விடியற்காலையில் உட்புறக் கண்ணாடி வேர்த்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழ்க்கட்டையை ஊறவைப்பதுதான் பெரிய தொல்லை. அலுமினியம் வெளியிலிருக்கும் சில்லிப்பை அப்படியே உள்ளே கடத்தும். வீட்டிலோ இட்லி வெந்துகொண்டிருக்கும். ஆவிக்கு வேறு போக்கிடம் ஏது?

பெரிய கடைக்குப் போய்ப் புது ஜன்னல் ஒன்றை வாங்கி மாட்டிவிடலாம் என்று நினைப்பவருக்கு முதல் கண்ணி அளவு. சாதாரண வீட்டு ஜன்னலில் 3040 என்று எழுதியிருந்தால் அகலம் 3 அடி 0 அங்குலம், உயரம் 4 அடி 0 அங்குலம். மொபைல் ஹோம் கணக்கில் 30-க்கு 40 என்றால் வெறும் அங்குலம். எண்கள் அதே நான்கு, வித்தியாசம் ஒருபக்கம் அரை அடி, மறுபக்கம் எட்டு அங்குலம். இரண்டாவது கண்ணி சுவர். எங்கள் சுவருக்குள் நிற்கும் கட்டைக்குப் பெயர் இரண்டுக்கு மூன்று. மரக்கடைக்காரர்கள் உலகெங்கும் ஒரே ஜாதி போலும், அது உண்மையில் ஒன்றரைக்கு இரண்டரை அங்குலம்தான். கடையில் நிற்கும் வீட்டு ஜன்னலின் சட்டமோ மூன்றேகால் அங்குலம். வாங்கி வந்தால் சுவரைவிட ஜன்னல் தடிமனாக இருக்கும். கடைப் பையன், “வேண்டுமானால் சுவரைக் கொஞ்சம் கனப்படுத்திக்கொள்ளலாம்” என்றான். பொத்தானுக்காகச் சட்டை தைத்துக்கொள்ளச் சொல்லும் அவனுடைய வியாபார புத்தி எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

ஆகவே மொபைல் ஹோமுக்கென்றே செய்யும் ஜன்னலைத்தான் தேட வேண்டும். அது சுவருக்குள் உட்காராது. வெளியிலிருந்து ஒட்டி நிற்கும். சட்டத்தைச் சுற்றி ஒரு விளிம்பு, அதன் பின்னால் பிசுபிசுவென்று பியூட்டைல் டேப், அதற்குமேல் வெளிப்புறத்திலிருந்தே வரிசையாக ஸ்க்ரூ. இதை அம்மாவிடம் விளக்கியிருக்கவே கூடாது.

“வெளியே இருந்தா முடுக்குவாங்க?”

“ஆமாம்மா.”

“அப்ப வெளியே இருந்தே கழற்றலாம்ல?”

என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்து ஜன்னல் செய்யும் கம்பெனிக்காரர்களிடமும் இல்லை. அம்மா சுலபமான தீர்வு வைத்திருந்தாள்: உள்பக்கம் கம்பி கிரில். நம் ஊரில் வீடு கட்டுகிறவர்கள் கதவுக்கு முன்பே கிரில் டிசைனைத்தான் பார்ப்பார்கள். கம்பி இல்லாத ஜன்னல் அம்மாவின் அகராதியில் ஓட்டை.

ஆனால் இந்த நாட்டு மத்திய அரசு 1976-இல் கொண்டுவந்த விதி அம்மாவுக்கு நேர் எதிரானது. படுக்கையறைக்கு வெளியே திறக்கும் கதவு தனியாக இல்லாவிட்டால், தீப்பிடித்தால் தப்பிக்க ஒரு ஜன்னல் இருந்தாக வேண்டும். திறந்த வழி எந்தப் பக்கமும் 22 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, மொத்தம் 5 சதுர அடி வேண்டும், அடிவிளிம்பு தரையிலிருந்து 36 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சாவியோ கருவியோ தேடாமல் திறக்க வேண்டும். திறக்கும் விதத்தை அதன்மேலேயே சீட்டெழுதி ஒட்டியிருப்பார்கள். காரணம் நியாயமானது. நீளவாக்கு வீடு, ஒற்றை நடை, மெல்லிய சுவர். நடுவில் தீப்பிடித்தால் கடைசி அறையில் படுத்திருப்பவருக்கு ஜன்னல்தான் வாசல்.

“மனுஷன் வெளியே போற அளவுக்கு இருந்தா, மனுஷன் உள்ளே வர்ற அளவுக்கும்தானே இருக்கும்?” என்றாள் அம்மா. வாஷிங்டனில் சட்டம் எழுதியவர்கள் தீயை நினைத்தார்கள், அம்மா திருடனை நினைக்கிறாள். இருவருக்கும் ஒரே ஜன்னலைச் செய்து கொடுக்கிறவன் இன்னும் பிறக்கவில்லை.

பிறகு விற்பனையாளர் வந்தார். கையில் குட்டி ஜன்னல், வாயில் எண்கள். யூ-ஃபேக்டர் என்று ஒன்று உண்டு. வீட்டுச் சூடு எவ்வளவு வேகமாக வெளியே ஓடுகிறது என்பதன் அளவு, குறையக் குறைய உசத்தி. எங்கள் அலுமினியக் கிழவிக்கு அது ஒன்றுக்கு மேலே. அவருடைய இரட்டைக் கண்ணாடி வினைலுக்கு 0.30. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஆர்கான் வாயு அடைத்திருக்கிறதாம், அதற்குத் தனி விலை. நாம் இழுத்துவிடும் ஒவ்வொரு மூச்சிலும் ஏறக்குறைய ஒரு சதவீதம் ஆர்கான்தான் இருக்கிறது, இதுவரை யாரும் பில் போட்டதில்லை. கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத உலோகப் பூச்சு வேறு. சூடு வராது, குளிர் வராது, சத்தம் வராது, தூசி வராது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்து, “என்னதான் வரும்னு கேளுங்க” என்றாள். கேட்டேன். வெளிச்சம் வரும் என்றார். பிறகு நேர்மையாக, பூச்சினால் அதுவும் கொஞ்சம் குறையும் என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் ஒரு ஜன்னல் எவ்வளவுக்கெவ்வளவு சுவரைப் போல நடந்துகொள்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு விலை. அம்மாவுக்கு வேண்டியது கம்பி. மனைவிக்கு வேண்டியது காற்று, அதுவும் வத்தக்குழம்புக்குத் தாளிக்கும்போது. மிளகாய் நெடி கிளம்பிப் புகை எச்சரிக்கை மணி அலறுவதற்குள் வெளியே போய்விட வேண்டும். இழுத்துத் திறக்கும் ஜன்னலில் பாதிதான் திறக்கும், மேலே தூக்கும் ஜன்னலிலும் பாதிதான். கிழவியோ கைப்பிடியைச் சுற்றினால் மேலிருந்து கீழ்வரை திறப்பாள், மழையிலும் திறந்து வைக்கலாம். “சமையலறை ஜன்னலைத் தொட்டீங்கன்னா அப்புறம் நீங்களே தாளிச்சுக்குங்க” என்று மனைவி சொல்லிவிட்டதால் யூ-ஃபேக்டர் அந்தச் சுவரில் தோற்றது.

மற்றவற்றுக்கு அளவெடுத்தவர் எதிர்வீட்டுத் தாத்தா. ஓய்வுபெற்ற தச்சர், இடுப்பில் எப்போதும் டேப். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து சின்னதை எழுதினார், உயரத்துக்கும் அப்படியே. பிறகு மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டும் சமமாக இல்லை. “இத்தனை வருஷம் நின்றால் நீயும் கோணுவாய்” என்று வீட்டுக்கு வக்காலத்து வாங்கினார். வேலை நடந்த அன்று காவலுக்கும் நின்றார். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடியச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அம்மா, “புதுசிலேயே ஓட்டைடா, மாவு வெச்சாவது அடைச்சிரு” என்றாள். தாத்தாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அம்மாவின் விரல் போன திசையைப் பார்த்து ஓடிவந்து மறித்தார். அடைத்தால் மழைநீர் சட்டத்துக்குள் தேங்கிச் சுவருக்குள் இறங்கும்.

வீட்டில் கைவைக்க அனுமதி தருவது சன்னிவேல் நகராட்சி அல்ல, மாநில வீட்டுவசதித் துறை. பார்க் மேனேஜருக்கு ஒரே கவலை, ஜன்னல் சட்டம் வெள்ளையா, பாதாம் நிறமா என்று.

ஜன்னல் நன்றாகத்தான் இருக்கிறது. வேர்ப்பது நின்றது. அம்மா அடுத்த ஞாயிறு சின்னம்மாவுக்கு வீடியோவில் படுக்கையறையைச் சுற்றிக் காட்டினாள். “இது தப்பிச்சுப் போற ஜன்னலாம்டி. கம்பியே கிடையாது. ராத்திரி இருட்டில்கூடத் திறந்து குதிச்சிடலாம். எனக்குன்னே கட்டிலுக்குப் பக்கத்தில் வெச்சிருக்கான்.”

சின்னம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஏங்க்கா, மருமக அவ்வளவு மோசமா?” என்றாள்.