பிழைத்தவரைச் சீன அதிபராக நடத்துக

அரசுக்கு ஒரு யோசனை. தற்கொலைக்கு முயன்று பிழைத்து, செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் ஒவ்வொருவரையும் இனிமேல் சீன அதிபராகக் கருத வேண்டும்.

நம் நிர்வாகத்துக்கு மனிதரைக் கவனிக்கத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் பக்கத்து மாமல்லபுரத்துக்கு வந்தார்; ஐந்து ரதம் அருகே காய்கனிகளாலேயே வரவேற்பு வாயில் எழுந்தது. 2022இல் அங்கேயே செஸ் ஒலிம்பியாட். சில மாதங்களுக்குள் எல்லாம் தயார். குதிரைக்கே வேட்டி கட்டி, ‘தம்பி’ என்று பெயர் வைத்து, ஊர் ஊராக நிறுத்தினோம்.

சாவிலிருந்து திரும்பி வந்த தம்பிக்கு என்ன கிடைக்கிறது? ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டில் என்ட்ரி. போலீஸுக்குத் தகவல். “தெரியாம நடந்துடுச்சுன்னு சொல்லிடுடா” என்று அம்மாவின் கெஞ்சல். “உனக்கென்னடா குறைச்சல்?” என்று வார்டே நடத்தும் விசாரணை. உடம்பு தேறியதும் டிஸ்சார்ஜ் சீட்டு. மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லி அதில் ஒரு வரி இருந்தால் அவன் அதிர்ஷ்டசாலி. கடலோரக் குப்பத்திலிருந்து ஒருநாள் தொழிலை விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறி அவன் வர வேண்டும். வராவிட்டால் குற்றம் அவனுடையது: “பேஷன்ட் ஒத்துழைக்கல.”

2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டுமாம். மறுபடி அந்த நிலைக்குப் போகாதபடி சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமையாம். 2024இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவையே தூக்கிவிட்டது. ஆனால் அரசு ஊழியரை நெருக்குவதற்காக முயன்றால் மட்டும் ஓராண்டு வரை சிறை உண்டு. வீட்டில் நொந்தால் நோயாளி. ஆபீஸ் வாசலில் நொந்தால் குற்றவாளி.

மருந்து தெரியாமலா இருக்கிறோம்? தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சிநேகா’வை 1986இல் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் பங்கேற்ற உலக சுகாதார நிறுவன ஆய்வு, சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், பிழைத்து வந்த 1,867 பேரிடம் நடந்தது. ஒரு பாதியினரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவ்வளவுதான். வழக்கமான சிகிச்சையோடு அனுப்பப்பட்டவர்களில் 2.2 சதவீதம் பேர் பின்னர் தற்கொலையால் இறந்தனர், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2. முடிவு வெளியானது 2008இல். தமிழ்நாட்டில் 2022இல் மட்டும் தற்கொலையால் இறந்தவர்கள் 19,834 பேர்.

அந்த ஒன்பது விசாரிப்பும் யார் வேலை? மனநல மருத்துவர் வாசலில் நிற்கும் ஓ.பி. வரிசையைக் காட்டுவார். பொய்யில்லை; நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் போன் போட்டு “எப்படிம்மா இருக்கீங்க?” என்று கேட்க, பயிற்சி பெற்ற உளவியலாளரோ சமூகப் பணியாளரோ செவிலியரோ போதும். அவர்களை நியமித்து, அந்த வேலையைக் கொடுக்க வேண்டும். நமக்கோ தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10 போதும்: பேனர், பேரணி, உறுதிமொழி, குரூப் போட்டோ. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறையில் எலிகள் சூழத் தவம் செய்கிறதே ஒரு பூனை, அதைப் போய்ப் பாருங்கள். நம் விழிப்புணர்வு முகாமைப் பல்லவச் சிற்பி அன்றே செதுக்கிவிட்டான்.

“உதவி எண் 104 இருக்கே, 14416 இருக்கே?” என்பார்கள். இருக்கின்றன, நல்லவைதான்; மனசு தாங்காதவர்கள் இந்த நிமிடமே கூப்பிடுங்கள். சிநேகாவும் உண்டு: 044-24640050. ஆனால் மூழ்குகிறவன்தான் கரையைக் கூப்பிட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? 2021இல் நீட் எழுதிய பிள்ளைகளை அரசே அழைத்துப் பேசியதே! தலைப்புச் செய்தியானால் போகிற போன், வார்டிலிருந்து வீடு திரும்பியவனுக்கு ஏன் போகாது?

தோரணம் வேண்டாம், வேட்டி கட்டிய குதிரை வேண்டாம். டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் ஒரு மனநலப் பணியாளரின் பெயரையும் ஒன்பது தேதிகளையும் எழுதுங்கள். தவறிய தேதிக்கு நேரே “பேஷன்ட் வரவில்லை” என்று எழுதாதீர்கள். “நாங்கள் கூப்பிடவில்லை” என்று எழுதி, அதிகாரி கையெழுத்துப் போடட்டும்.