எட்டிப் பார்க்கலாமா எரிமலையை?

இந்தோனேசியா போகிறோம். எரிமலை ஏறியே தீருவேன் என்கிறான் மகன். கூடவே கூடாது என்கிறார் கணவர். நீங்கள் யார் பக்கம்?
(கும்பகோணம் வாசகி)

பாதி மலை வரை மகன் பக்கம், அதற்கு மேல் உங்கள் வீட்டுக்காரர் பக்கம். அந்த நாட்டில் உயிரோடு இருக்கும் எரிமலைகள் 127. எல்லாவற்றுக்கும் பயந்தால் விமான நிலையத்தைத் தாண்ட முடியாது. சரிவில் காடும் தோட்டமும் பார்த்துக்கொண்டே நடங்கள், யாரும் குறுக்கே நிற்கமாட்டார்கள். எரிமலை வாயின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பதுதான் வம்பு.

எச்சரிக்கை நிலை ‘ஒன்று’ என்று போட்டிருந்தால் தைரியமாகப் போகலாம்தானே?
(ஈரோடு வாசகர்)

ஜப்பானின் ஒன்டாகே மலைக்கும் 2014 செப்டம்பர் 27 அன்று ‘ஒன்று’தான் போட்டிருந்தார்கள். சனிக்கிழமை, நல்ல வெயில், இலைகள் சிவந்திருந்த பருவம். 3,067 மீட்டர் உச்சியைச் சுற்றி ஏகப்பட்ட பேர், சாப்பாட்டு நேரம் வேறு. 11:52-க்கு மலை வெடித்தது. 58 பேர் இறந்தார்கள். 5 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பலரைக் கொன்றவை வானத்திலிருந்து விழுந்த கற்கள். லாவா ஒரு சொட்டுகூட வரவில்லை.

ஆழத்திலிருந்து பாறைக்குழம்பு மேலேறும்போது பாறை உடையும், நிலம் உப்பும், கருவிகள் நாள்கணக்கில் முன்கூட்டியே முனகும். அன்று நடந்த நீராவி வெடிப்பு அப்படியல்ல. நிலத்தடித் தண்ணீர் சூடேறி, போக வழியில்லாமல் ஒரே நொடியில் ஆவியாகிக் கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். விசிலே கொடுக்காமல் மூடி பறக்கும் குக்கர் அது. ஒன்டாகேயில் இரண்டு வாரம் முன்பு சிறு நடுக்கங்கள் பதிவாகத்தான் செய்தன. அதற்காக நிலையை உயர்த்தவில்லை. அதுவரை ‘ஒன்று’க்கு எதிரே ‘இயல்பு’ என்று எழுதியிருந்தார்கள். 2015-இல் அதை அழித்து, ‘இது உயிருள்ள எரிமலை, நினைவிருக்கட்டும்’ என்ற பொருளில் மாற்றினார்கள். நம் ஊர்ச் சாலைகளில் விபத்து நடந்த பிறகு வேகத்தடை முளைப்பது ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல.

அப்படியானால் ‘இரண்டு’ என்று போட்டால் யாரும் ஏறமாட்டார்களே?
(அதே வாசகர், அடுத்த அஞ்சல் அட்டையில்)

ஏறினார்களே! சுமத்ராவின் மராபி, 2023 டிசம்பர் 3. நிலை இரண்டு. வாயிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் போகாதீர்கள் என்று எரிமலைத் துறை சொல்லிக்கொண்டிருந்தது. மலையேற அனுமதிச் சீட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது. அன்று மலையில் 75 பேர். 24 பேர் திரும்பவில்லை. எச்சரிக்கை ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அது சுவரொட்டியாகிவிடும். சீட்டு கொடுக்கிறவரும் எச்சரிக்கை கொடுக்கிறவரும் ஒரே மேசையில் உட்காராத ஊரில், எச்சரிக்கை கொடுக்கிறவரை நம்புங்கள்.

மராபி, மெராபி: அச்சுப்பிழையா?
(தேனி வாசகர்)

இல்லை, இரண்டு மலைகள். மராபி சுமத்ராவில், மெராபி ஜாவாவில் யோக்யகர்த்தா நகருக்கு மேலே. மெராபியில் ஏற 2018 முதல் தடை.

கருவிகளைவிட உள்ளூர்ப் பெரியவர்களுக்கு மலையின் மனசு நன்றாகத் தெரியும் என்கிறார்களே?
(நாகர்கோவில் வாசகி)

அந்த மெராபிக்கே ஒரு காவலர் இருந்தார், ம்பா மரிஜான். யோக்யகர்த்தா சுல்தான் நியமித்த பொறுப்பு அது. 2006-இல் மலை சீறியபோது அரசு இறங்கச் சொன்னது, பெரியவர் அசையவில்லை. பிழைத்தார், நாடு முழுக்கப் புகழ்பெற்றார், சத்து பான விளம்பரத்தில்கூட வந்தார். 2010 அக்டோபர் 26 அன்றும் அசையவில்லை. கொதிக்கும் சாம்பல் மேகம் ஊருக்குள் புகுந்தது. தொழுகையில் குனிந்த நிலையில் அவர் உடலைக் கண்டார்கள். அந்த வெடிப்புகளில் மொத்தம் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவருடைய உறுதியைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் மலை ஒருமுறை விட்டுக்கொடுத்ததை உடன்படிக்கை என்று எடுத்துக்கொண்டால் கஷ்டம்.

செமேரு என்று ஒரு மலையாமே, நம் மேருவுக்குச் சொந்தமா?
(திருவாரூர் வாசகர்)

அதுவே மேருதான் என்பது ஜாவாக்காரர்கள் கட்சி. ஆதியில் ஜாவா தீவு கடலில் ஆடிக்கொண்டே இருந்ததாம். தேவர்கள் ஜம்புத் தீவிலிருந்து மேருவைப் பெயர்த்துவந்து மேற்கே வைத்தார்கள். கிழக்குப் பக்கம் தூக்கிக்கொண்டது. கிழக்கே நகர்த்தினார்கள், வழியில் உதிர்ந்த துண்டுகள்தான் மற்ற மலைகளாம். 3,676 மீட்டரில் நிற்கும் மீதிதான் செமேரு.

உச்சிச் சரிவு முழுக்கச் சாம்பலும் மணலும். ஓரடி ஏறினால் அரையடி சறுக்கும். அதனால்தான் நள்ளிரவில் கிளம்பி விடியலில் உச்சி தொடுவது வழக்கமாக இருந்தது. பொழுது ஏறினால் காற்று திரும்பி நச்சுவாயுவைப் பாதைப் பக்கம் தள்ளும், சூரியனைப் பார்த்ததும் இறங்கு என்பார்கள் வழிகாட்டிகள். சோ ஹோக் கீ என்ற இளம் எழுத்தாளர், ஆட்சியாளர்களைப் பயமில்லாமல் விமர்சித்தவர், 1969 டிசம்பர் 16 அன்று இந்த உச்சியில் வாயு தாக்கி இறந்தார். மறுநாள் அவருக்கு 27 வயது நிறைந்திருக்கும்.

ஈரத் துணியை மூக்கில் கட்டினால் வாயு என்ன செய்யும்?
(கரூர் வாசகர்)

எந்த வாயு? கந்தக டை ஆக்சைடு மூக்கைத் துளைக்கும், தண்ணீரில் கரையும். ஈரத் துணி கொஞ்சம் தாங்கும், முகமூடி இன்னும் நல்லது. கார்பன் டை ஆக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, உங்கள் துணியைப் பற்றிய அக்கறையும் இல்லை. காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தேங்கும். 1979-இல் ஜாவாவின் டியெங் பீடபூமியில் வெடிப்புச் சத்தம் கேட்டு ஊரைவிட்டு ஓடியவர்கள், வழியில் தேங்கியிருந்த அந்த வாயுவுக்குள் போய் விழுந்தார்கள். 140-க்கும் மேற்பட்ட உயிர்கள். எரிமலையில் இளைப்பாற மேடு தேடுங்கள். காற்றில்லாத பள்ளம் சுகமாகத்தான் இருக்கும்.

ஈஜென் எரிமலையில் நீல லாவா ஓடுகிறதாமே?
(சிவகாசி வாசகி)

ஓடுவது லாவா அல்ல, எரியும் கந்தகம். இரவில்தான் நீலம் தெரியும். விடிந்தால் இன்னொரு காட்சி: மூங்கில் காவடியின் இரு பக்கமும் கூடை, கூடையில் 70, 80 கிலோ மஞ்சள் கந்தகக் கட்டி, புகைக்குள்ளிருந்து விளிம்பு வரை ஏறிவரும் தொழிலாளி. வழிவிட்டு ஒதுங்குங்கள். படம் எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள். கீழே பச்சையும் நீலமுமாக மின்னும் ஏரி, அந்த வகையில் உலகிலேயே பெரிய அமில ஏரி. கை நனைக்க ஆசை வேண்டாம்.

செல்ஃபி?
(கோவை வாசகர்)

2024-இல் அதே ஈஜென் விளிம்பில் படத்துக்காகப் பின்னால் நகர்ந்த ஒரு சுற்றுலாப் பயணி விழுந்து இறந்தார். மலை வெடிக்கவே இல்லை.

புரோமோ எரிமலைக்குள் ஆடு, கோழி எல்லாம் எறிவார்களாமே, பாவமில்லையா?
(பழனி வாசகி)

தெங்கெர் இந்துக்களின் கசடா திருவிழா அது. ஆடு, கோழி, காய்கறி, பணம் எல்லாம் காணிக்கை. வாயின் உட்சரிவில் வலையோடு சிலர் காத்திருந்து பிடித்துக்கொள்வார்கள். போட்டவருக்குப் புண்ணியம், பிடித்தவருக்குக் குழம்பு. எரிமலைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் தெரியவில்லை. 2004 ஜூனில் திடீரென்று வெடித்து இருவரைக் கொன்றது.

கல் பறந்து வந்தால் ஓடுவதா, படுப்பதா?
(வேலூர் வாசகர்)

முதலில் பாருங்கள். முதுகைக் காட்டி ஓடுகிறவருக்குக் கல் வருவது தெரியாது. நிமிர்ந்து பார்த்து, விழும் இடத்திலிருந்து விலகுங்கள். மழைபோல் கொட்டினால் பாறைக்குப் பின்னால் ஒடுங்கி, பையைத் தலைமேல் வையுங்கள். தலைக்கவசம் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும். காண்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போடுங்கள், எரிமலைச் சாம்பல் நுணுக்கிய கண்ணாடித் தூள். சாம்பல் மேகமே சரிவில் உருண்டு வந்தால்? மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரக்கூடியது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாஸ்போர்ட் இல்லாமல் எரிமலை பார்க்க வழி உண்டா?
(தூத்துக்குடி வாசகர்)

உண்டு. அந்தமானில் பாரன் தீவு, இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலை. 1991-இல் மறுபடி விழித்தது, அவ்வப்போது புகைகிறது. இறங்க அனுமதி கிடையாது, படகிலிருந்தே பார்க்க வேண்டும். உங்கள் முழங்காலுக்கு ஏற்ற மலை.