பிள்ளையைப் புறாவாக்குவது எப்படி?

பிள்ளைக்குள் மனசு என்று ஒன்று இருப்பதை முதலில் மறந்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் நடத்தையை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று 1913இல் ஜான் வாட்சன் உளவியலுக்குக் கட்டளை போட்டார். ஆய்வுக்கூடத்துக்கு அது நல்ல ஒழுங்குதான்; ஆளாளுக்கு ஊகித்துக்கொண்டிருந்ததை அளந்து பார்க்க வைத்தது. நீங்கள் அதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பாதி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதி இதோ.

1. அழுதால் போனைக் கொடுங்கள். உடனே கொடுத்துக் கெடுத்துவிடாதீர்கள். இன்று இரண்டு நிமிட அழுகைக்கு, நாளை பத்து நிமிடத்துக்கு. மறுநாள் “கிடையவே கிடையாது” என்று கறாராகச் சொல்லுங்கள்; விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போது கொடுத்துவிடுங்கள். வாட்சன் வழிவந்த உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுக்கூடத்தில், கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதைக் கைவிட்டுவிடும். எப்போதாவது கிடைத்துப் பழகிய புறா லேசில் விடாது. ஸ்கின்னர் கண்ட இந்தக் கணக்கில்தான் சூதாட்ட இயந்திரமும் காசு பிடுங்குகிறது. போனைக் கொடுத்ததும் சத்தம் நின்றதே, அது உங்களுக்குக் கிடைத்த தீனி. யார் யாரைப் பழக்குகிறார்கள் என்று யோசிக்காதீர்கள், விருந்தாளிக்குக் காபி ஆறிவிடும்.

2. பிள்ளை தன்பாட்டுக்குப் படம் வரைகிறதா? விடாதீர்கள், பரிசு அறிவியுங்கள். 1973இல் அமெரிக்காவில் உளவியலாளர் லெப்பரும் கூட்டாளிகளும் மழலையர் பள்ளியில் இதைச் செய்து பார்த்தார்கள். வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே சொல்லப்பட்ட பிள்ளைகள், பிறகு பரிசு இல்லாத நாள்களில் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. ஆகவே, மறக்காமல் முன்கூட்டியே சொல்லுங்கள்.

3. சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி, தூங்காவிட்டால் போலீஸ், இரண்டுக்கும் பொதுவாக ஊசி போடும் டாக்டர். 1920இல் வாட்சனும் ரோசலி ரேனரும் ஆல்பர்ட் என்ற கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டி, அவன் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் அடித்தார்கள். எலிப் பயம் முயலுக்கும் நாய்க்கும் பரவியது. பயத்தை எடுக்காமலே அனுப்பிவிட்டார்கள். நான்கு ஆண்டு கழித்து மேரி கவர் ஜோன்ஸ், பீட்டர் என்ற சிறுவன் பிடித்ததைத் தின்றுகொண்டிருக்கும்போது முயலைச் சிறுகச் சிறுக அருகே கொண்டுவந்து அவன் பயத்தைப் போக்கினார். காரணமில்லாத பயங்களுக்கு இன்றும் படிப்படியாகப் பழக்கித்தான் சிகிச்சை தருகிறார்கள். நடத்தையை மட்டும் ஆராய்ந்த இந்த உளவியல் மரபின் ஆகச் சிறந்த கொடை அது. ஆனால் பொறுமை வேண்டுமே, தள்ளுங்கள்.

4. ஏன் அழுகிறாய் என்று கேட்காதீர்கள். பதில் வந்துவிடும்.

5. “நிலா நம்ம பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கிச்சா?” என்று மூன்று வயது கேட்டால் காது கேளாததுபோல் இருங்கள். யாரும் சொல்லித்தராத, எந்த மிட்டாய்க்காகவும் சொல்லாத வாக்கியம் அது. பேச்சும் பழக்கம்தான் என்று ஸ்கின்னர் 1957இல் எழுதிய புத்தகத்தை, இரண்டே ஆண்டில் மொழியியலாளர் சாம்ஸ்கி இந்த மாதிரி இடத்தில்தான் பிடித்து உலுக்கினார்.

6. கட்டிப்பிடிக்காதீர்கள், மடியில் வைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் பிள்ளையோடு கைகுலுக்குங்கள். என் சரக்கு இல்லை. 1928இல் குழந்தை வளர்ப்புக்கென்றே வாட்சன் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. அது வெளியானபோது அவர் பேராசிரியர் அல்ல. ஒரு விளம்பர நிறுவனத்தின் துணைத் தலைவர்.