மொட்டை மாடி ஷீட்டும் மீதித் தொகையும்: புழல் வட்டார பில் மரபு குறித்து ஓர் ஆய்வு

யாப்புக்கு இலக்கணம் இருக்கிறது. அணிக்கும் இருக்கிறது. எந்த எழுத்தில் பாட்டைத் தொடங்கினால் பாட்டுடைத் தலைவனுக்கு ஆகாது என்று சொல்லத் தனியாகப் பாட்டியல் நூல்களே இருக்கின்றன. மொட்டை மாடிக்கு ஷீட் போட்டு முடித்த மேஸ்திரி, வீட்டுக்காரரிடமிருந்து கடைசிப் பதினைந்தாயிரத்தை எப்படி வரவழைப்பது என்பதற்கு மட்டும் சூத்திரம் செய்வாரில்லை. அக்குறை போக்க எழுந்தது இவ்வாய்வு.

ஆய்வின் எல்லை: தெற்கே ரெட்டேரி, வடக்கே காவாங்கரை, மேற்கே ஏரிக்கரை, கிழக்கே வடபெரும்பாக்கம், நடுவே ஜி.என்.டி. சாலை. சென்ட்ரல் பக்கத்திலிருந்து 2006இல் இங்கே குடிவந்த மத்திய சிறை இந்த எல்லைக்குள் இருந்தும் தரவில் சேர்க்கப்படவில்லை. கூரை ஒழுகுகிறது என்று சொல்லிப் பாக்கியை நிறுத்தி வைக்கும் வசதி உள்ளே இருப்பவர்களுக்கு இல்லை. எனவே அவர்கள் 'வீட்டுக்காரர்' என்ற வரையறைக்குள் வரார்.

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் ஆய்வேடு ஏற்கப்படாது என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தொண்டைமண்டலத்து 24 கோட்டங்களில் ஒன்று புழற்கோட்டம். குறும்பர்கள் இங்கே கோட்டை கட்டி ஆண்டதாகவும், அவர்களை வென்ற தொண்டைமான் அவர்களது எருக்கந்தூண்களைக் கொண்டுபோய்த் திருமுல்லைவாயில் கோயிலில் நட்டதாகவும் மரபு. தூண் போன இடம் தெரிகிறது. கூரையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூரைக்காரனை வரலாறு இன்றுபோலவே அன்றும் காக்க வைத்திருக்கிறது என்பது என் துணிபு.

இனிப் பொருளுக்கு வருவோம். தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிக் கெட்டித்து, தட்டோடு பதித்த பழைய வீடுகள் இன்று ஒவ்வொன்றாக விரிசல் விடுகின்றன. விரிசலை அடைத்துக்கொண்டிருப்பதைவிட, மாடி முழுதும் இரும்புப் பைப்பில் சட்டம் அடித்து, மேலே கலர் ஷீட்டைப் போட்டுவிடுவதே சுலபம் என்று தெருவுக்கு நாலு வீட்டார் முடிவெடுக்கிறார்கள். வெயிலும் மட்டுப்படும், துணியும் காயும். இந்த வேலையை எடுப்பவர் பெரும்பாலும் ஒரு வெல்டிங் கடைக்காரர். கூட மூன்று பேர், ஒரு டாடா ஏஸ், ஒரு பில் புத்தகம். அந்தப் புத்தகம் 1ஆம் எண்ணில் தொடங்காது. நேற்றுதான் கடை திறந்தார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதல்லவா? 151இல் தொடங்கும்.

இவ்வாய்வின் கருதுகோள் ஒன்றே. பில் எழுதப்படுவது வேலை முடிந்த நாளில் அல்ல. வேலை தொடங்குமுன், அளவு டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் கையில் பிடித்த அந்த நிமிடத்திலேயே அது எழுதப்பட்டுவிடுகிறது. பிறகு தாளில் வருவதெல்லாம் பிரதி எடுத்தல். கள ஆய்வில் பதிவான உரையாடல் பின்வருமாறு:

"சார், இந்த முனைய கொஞ்சம் பிடிங்க."

"நான் எதுக்குப்பா? நீயே பாத்துப் போடு."

"ரெண்டு நிமிஷம் சார், பிடிங்க."

'நீயே பாத்துப் போடு' என்பதில் மயங்கித் தனியாக அளந்த மேஸ்திரிகள், வேலை முடிந்தபின் மறுபடி அளக்கிறார்கள். அப்போது மறுமுனையைப் பிடிப்பவர் வீட்டுக்காரரின் மைத்துனர். அவர் கட்டாயம் ஏதாவது ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பார்.

தகராறு எங்கே பிறக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். மாடி 20 அடிக்கு 30 அடி. வீட்டுக்காரர் மனத்தில் பதிந்த எண் 600. பத்திரத்தில் இருப்பது, பிள்ளைக்கும் தெரிந்தது. ஆனால் சாரல் அடிக்காமலிருக்க ஷீட்டை நாலு பக்கமும் ஓரடி வெளியே நீட்ட வேண்டும். ஆக 22க்கு 32, அதாவது 704 சதுர அடி. தண்ணீர் ஓட ஒரு பக்கம் நாலடி தூக்கிச் சரிவு வைத்தால், 22 அடி சரிவில் 22.36 அடியாகும். பெருக்கினால் 715 சொச்சம். பில்லில் 715 என்று பார்த்ததும் வீட்டுக்காரர் கேட்பார்: "என் வீடே அறுநூறுதானே, கூரை எப்படிப்பா எழுநூத்திப் பதினஞ்சு?"

இங்கே இரண்டு கட்சிகள். கீழே விழும் நிழலை அளப்பதே முறை என்பது வீட்டுக்காரர் கட்சி. கிடக்கும் ஷீட்டைச் சரிவோடு அளப்பதே முறை என்பது மேஸ்திரி கட்சி. நிழல்வாதிகளுக்கும் ஷீட்வாதிகளுக்கும் நடந்த வாதங்களைக் கேட்டால் சமணரும் சைவரும் மதுரையில் நடத்தியது சாதாரணமாகத் தோன்றும். கட்டட வேலைகளை அளக்கும் இந்தியத் தர விதியான ஐஎஸ் 1200இன் 9ஆம் பகுதி கூரைக்கானது. ஷீட்டைப் போட்டபடியே அளக்க வேண்டும், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பையும் நெளிவையும் சேர்க்கக் கூடாது என்பது அதன் சாரம். இது மேஸ்திரிக்குப் பாதி வெற்றி, பாதி தோல்வி. ஷீட் வாங்கும்போது மடிப்புக்கும் சேர்த்துத்தானே அவர் காசு கொடுத்தார்? அந்த நட்டம் ரேட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ள வேண்டும். அளவுக்குள் வரக் கூடாது.

ஆனால் இருதரப்பும் கவனிக்காத ஒன்று உண்டு. மேலே சொன்ன கணக்கில் சரிவினால் கூடியது 11 சதுர அடிதான். மீதி 104உம் வெளியே நீட்டியதால் வந்தது. சதுர அடி 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இரண்டாயிரத்துச் சொச்சத்துக்காக ஒரு மாலைப் பொழுதெல்லாம் சரிவைப் பற்றி வாதாடுகிறார்கள். இருபதாயிரத்துக்குமேல் விழுங்கிய ஓரடி நீட்டல் சத்தமில்லாமல் நிற்கிறது. நீட்டலைப் பற்றி முதல் நாளே பேசிவிட்டால் வாதத்தில் பத்தில் ஒன்பது பங்கு பிறக்காது.

அளந்ததை எங்கே எழுதுவது? தாளில் எழுதினால் அது இலக்கியச் சான்று. கைப்பிடிச் சுவரில் கரியால் 22 × 32 என்று எழுதினால் கல்வெட்டுச் சான்று. இரண்டில் எதற்கு மதிப்பென்று வரலாற்று மாணவர் அறிவர். மழையில் அழியாதா என்று கேட்கலாம். கூரைக்கு உள்ளே இருக்கும் எழுத்து அழிந்தால் கூரை ஒழுகுகிறது என்று பொருள். அப்போது மேஸ்திரிக்கு மீதி கேட்க முகமும் இராது.

ஷீட்டின் கனம் பற்றிய விவாதத்தை நீட்ட விரும்பவில்லை. 0.50 மில்லி என்பது பெயின்ட்டையும் பூச்சையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று பில்லிலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது. எழுதாதவர்கள் மைத்துனரை மீண்டும் சந்திப்பார்கள்.

வரி விஷயம் அப்படியல்ல. "பில்லோடவா, பில்லில்லாமலா?" என்ற கேள்வி இவ்வட்டாரத்தில் காபியா டீயா என்பதுபோல் கேட்கப்படுகிறது. பொருளும் கூலியும் சேர்ந்த இத்தகைய வேலைக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. நம் 715 சதுர அடிக்கு ஆன 1,43,000 ரூபாயில் அது 25,740. கம்பெனிக்காரர் தொழிலுக்கு வாங்கிய பொருளின் வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வது வழக்கம். குடியிருக்கும் வீட்டுக்காரருக்கு அந்த வழி கிடையாது. அவருக்கு அது போன பணம். ஆகவே பதிவு பெற்ற மேஸ்திரி முதல் நாளே வரி சேர்த்த தொகையைச் சொல்லிவிட வேண்டும். கடைசி நாளில் 25,740 புதிதாகத் தலைகாட்டினால், அதுவரை 'தம்பி' என்றவர் 'மிஸ்டர்' என்பார். பதிவே இல்லாதவர் பில்லில் வரி என்று ஒரு வரி எழுதி வசூலிப்பதோ குற்றம். அதைச் செய்துவிட்டு இந்த ஆய்வை மேற்கோள் காட்ட வேண்டாம்.

இனி மழை. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. ஷீட் வேலைக்குக் கிராக்கியோ அக்னி நட்சத்திரத்தில். சித்திரையில் முடித்த வேலைக்கு, "ஒரு மழை பெய்யட்டும், பாத்துட்டு மீதியத் தரேன்" என்று வீட்டுக்காரர் சொன்னால் அவர் குறிப்பிடுவது ஐப்பசியை. நடுவே ஆடியில் ஒரு தூறல் போட்டால், "இதெல்லாம் மழையாப்பா?" என்பார். ஐப்பசியில் கொட்டினால், "காத்தோட அடிச்சாத்தான் தெரியும்" என்பார். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் எத்தனையோ ஷீட்டுகளைப் பறக்கவிட்டது இவ்வாதத்துக்குப் பெரும் பலம். புழல் ஏரி 21.20 அடியைத் தொட்டு, உபரிநீர் திறந்து, எச்சரிக்கை நாரவாரிக்குப்பத்திலிருந்து சடையன்குப்பம் வரை போனாலும் மீதி மட்டும் திறக்கப்படாத வீடுகள் உண்டு. 1876இல் கட்டிய ஏரிக்கு 3,300 மில்லியன் கன அடி என்று ஒரு கொள்ளளவு இருக்கிறது. வீட்டுக்காரரின் சந்தேகத்துக்கு அப்படி ஒரு கொள்ளளவும் வைக்கப்படவில்லை.

கண்ட தீர்வு: வேலை முடிந்த அன்றே மோட்டாரைப் போட்டு, ரப்பர் குழாயை வீட்டம்மா கையில் கொடுத்து, ஷீட் முழுக்க அவரையே அடிக்கச் சொல்வது. சார் பேசுவார், அம்மாதான் பணம் எடுத்துத் தருவார் என்பது இத்துறையின் பழைய உண்மை. மேலிருந்து மட்டுமல்லாமல் கிழக்கிலிருந்து பக்கவாட்டிலும் அடிக்கச் சொல்ல வேண்டும். புயல் அப்படித்தான் வரும். ஒழுகினால் ஸ்க்ரூவை அன்றைக்கே இறுக்கலாம். ஒழுகாவிட்டால் மழையின் பெயரை இழுக்க இடமில்லை. அப்படியும் மீதி வராவிட்டால் வாயில் அனுப்ப வேண்டியதுதான். அக இலக்கணம் ஊடல் தீர்க்கும் வாயில்களாகப் பாணன், தோழி, விறலி என்று பலரைச் சொல்லும். இங்கே வாயில் ஒருவரே: இவரை அந்த வீட்டுக்குச் சிபாரிசு செய்த பக்கத்து வீட்டுக்காரர்.

எஞ்சியது 'சின்ன வேலை'. ஷீட் வேலை நடக்கும்போதே, "அப்படியே அந்த கேட்டுக்கு ரெண்டு டாக் அடிச்சு விடு", "கொடி கட்ட ஒரு கொக்கி வெச்சிடு" என்று குரல் வரும். இவற்றுக்குக் காசு கேட்டால் அற்பன். கேட்காவிட்டால், கடைசியில் "ரவுண்டா போட்டுக்கோப்பா" என்று 1,68,740ஐ 1,60,000 ஆக்கும்போது சொல்ல மறுமொழி இல்லை. ரவுண்டு என்பது மேல்நோக்கிப் போனதாக இவ்வாய்வில் ஒரு பதிவும் இல்லை. ஆகவே தேர்ந்த ஒரு மேஸ்திரி, சின்ன வேலை ஒவ்வொன்றையும் அன்றன்றே வாட்ஸ்அப்பில் படத்தோடு அனுப்பிவிட்டு, பில்லில் விலையோடு எழுதி, எதிரே 'இனாம்' என்று போடுகிறார்: கேட் வெல்டிங் 600, இனாம்; கொடிக் கொக்கி 2, ரூபாய் 300, இனாம். இதைப் பார்த்த பிறகு ரவுண்டு கேட்கும் குரலில் சுருதி இறங்குகிறது. எழுநூற்று நாற்பது ரூபாயோடு நின்றுவிடுகிறது.

இம்முறையில் ஒரு பக்கவிளைவு உண்டு. பில்லை ஒருமுறைக்கு இருமுறை படித்த வீட்டம்மா ஒருவர், பணத்தை எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்: "இனாம்தானே தம்பி, அந்தப் பக்கமும் ரெண்டு கொக்கி வெச்சுட்டுப் போயிடு."