விமானத்துக்கு நங்கூரம் எதற்கு?

1930களில் விமானங்கள் ஏன் தண்ணீரில் இறங்கின? தரையைக் கண்டால் பயமா?
கே.எஸ்., தென்காசி

இறங்கத் தரை இருந்தால்தானே பயப்பட! பெரிய விமானத்தைத் தாங்கும் ஓடுபாதை அப்போது முக்கால்வாசி ஊர்களில் கிடையாது. துறைமுகத்தில் தண்ணீர் இருந்தது. டெண்டர், கமிஷன் எதுவும் இல்லாமல் எவ்வளவு நீளமான ஓடுபாதை பாருங்கள்!

தண்ணீரில் இறங்கிய அந்தப் பறக்கும் படகில் நங்கூரம் இருந்ததாமே?
ஆர்.எம்., காரைக்குடி

கட்டாமல் விட்டுவிட்டுத் தூங்கப் போனால், காலையில் விமானம் பக்கத்து ஊரில் இருக்கும்.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு எத்தனை நாள்?
பி.ஜி., ஈரோடு

1938இல் சவுத்தாம்ப்டனில் ஏறினால், ஒன்பது பத்து நாளில் சிட்னி. வழியில் ரோம், அலெக்சாண்ட்ரியா, பாஸ்ரா, கராச்சி, கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர் என்று இறங்கி இறங்கி ஏறணும். ராத்திரி ஓட்டலில் தூக்கம். இதில் வேடிக்கை, ராஜஸ்தானத்து ராஜ்சமந்த் ஏரியும் ஒரு நிறுத்தம். பாலைவனச் சீமையில் படகு விட்ட ஒரே கம்பெனி பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸாகத்தான் இருக்கும்!

உள்ளே அரண்மனை போல இருக்குமாமே, உண்மையா?
எல்.வி., மயிலாப்பூர்

போயிங் 314 பறக்கும் படகில் சாப்பாட்டுக் கூடம், வெள்ளை மேஜைவிரிப்பு, படுக்கை, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஒப்பனை அறை எல்லாம் உண்டு. 1939இல் நியூயார்க்கிலிருந்து மார்செய் போய்வர 675 டாலர். கிட்டத்தட்ட ஒரு புதுக் காரின் விலை. வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர்தான். இத்தனை நேரம் உட்காரவைத்தவன் சாப்பாடாவது ஒழுங்காகப் போட வேண்டாமா?

அலையே இல்லாத தண்ணீர் என்றால் விமானிக்குக் கொண்டாட்டம்தானே?
டி.என்., நாகர்கோவில்

திண்டாட்டம். அசையாத தண்ணீர் விமானத்தின் வயிற்றைக் கவ்விக்கொள்ளும். அதற்காகவே அடிப்பாகத்தில் ஒரு படி வைத்திருப்பார்கள். அதன் வழியே காற்று புகுந்தால்தான் பிடி விடும். சில சமயம் மோட்டார் படகை முன்னால் ஓடவிட்டு, வேண்டுமென்றே அலை கிளப்புவதுண்டு. இறங்கும்போது இன்னும் மோசம், எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்றே தெரியாது. மௌனம் எவ்வளவு ஆபத்து என்பதைக் குடும்பஸ்தர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பறக்கும் படகுகளில் கில்லாடி எது?
எஸ்.ஏ., கோவை

அந்தக் காலத்தில் அளவில் என்றால், ஜெர்மனியின் டோர்னியர் டோ எக்ஸ். 12 எஞ்சின்! 1929இல் 169 பேரோடு எழும்பியது. அதில் 9 பேர் வித்அவுட். அடுத்த ஆண்டு நவம்பரில் நியூயார்க்குக்குக் கிளம்பியது. லிஸ்பனில் இறக்கை தீப்பிடித்து, அப்புறம் என்னென்னவோ ஆகி, 1931 ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தது. கிளம்பிய அன்று தாலி கட்டியவர், சேர்ந்த அன்று பிள்ளைக்குப் பெயரே வைத்திருக்கலாம்.

ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தார்களாமே?
ஐ.எஸ்., யாழ்ப்பாணம்

உங்கள் தீவுக்கு வந்தவர்கள்தான். சிங்கப்பூரை ஜப்பான் பிடித்துவிட்டதால் பழைய பாதை அடைபட்டது. 1943 முதல் ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் கம்பெனி, பெர்த்திலிருந்து காலிக்குப் பக்கத்துக் கொக்கல ஏரிக்குக் கேட்டலினா பறக்கும் படகு விட்டது. 5,600 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் நிற்க இடமில்லை. பறந்தது 27 மணி நேரம், சில நாள் 32 மணி நேரம்கூட. பெட்ரோலே எடையை விழுங்கிவிட, பயணிகள் மூன்று பேருக்கு மேல் கிடையாது. எதிரி காதில் விழும் என்று ரேடியோவுக்கும் வாய்ப்பூட்டு. நட்சத்திரம் பார்த்தே வழி. ஐந்து விமானங்களுக்கும் பெயர்கூட நட்சத்திரங்கள்தான்: அல்டேர், வேகா, ரைஜல், அண்டாரிஸ், ஸ்பைகா. இவர்களில் மூவர் நம் பஞ்சாங்கத்துத் திருவோணம், கேட்டை, சித்திரை. 271 தடவை கடல் தாண்டியும் ஒரு விமானம்கூடத் தவறவில்லை. பொருத்தம் பார்த்தவர் கெட்டிக்காரர்!

திருகோணமலையிலும் ஒரு கதை உண்டல்லவா?
அதே ஐ.எஸ்.

என்னை விடமாட்டீர் போலிருக்கிறது! 1941 டிசம்பரில் அமெரிக்காவின் பான் ஆம் பறக்கும் படகு ஒன்று ஆக்லாந்தை நெருங்கும்போது பேர்ல் ஹார்பரில் குண்டு விழுந்தது. வந்த வழி மூடிவிட்டது. கேப்டன் ராபர்ட் ஃபோர்ட் மேற்கே திருப்பினார். சுரபாயாவில் கார் பெட்ரோல் ஊற்றிக்கொண்டு, திருகோணமலையில் எஞ்சின் மக்கர் செய்து, ஆப்பிரிக்கா வழியாக ஜனவரி 6 அன்று நியூயார்க் சேர்ந்தார். முதலில் புறப்பட்டது சான் பிரான்சிஸ்கோவில். நல்லவேளை, மீட்டர் போடவில்லை.

சென்னையில் இறங்கியதுண்டா?
வி.கே., அம்பத்தூர்

போர்க்காலத்தில் செங்குன்றம் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் இறங்கின. ஏரிக்குள் இறங்குவதில் இன்று வீட்டுமனைகள்தான் முன்னணி.

இவ்வளவு சிறப்பு இருந்தும் ஏன் ஒழிந்தது?
ஜே.பி., திருச்சி

போர்தான் காரணம். குண்டுவீச்சு விமானங்களுக்காக ஊர் ஊராகக் கான்கிரீட் ஓடுபாதை போட்டார்கள். சமாதானம் வந்ததும் பயணிகள் விமானங்கள் அதில் சவாரி விட்டன, இன்னும் வேகமாக. உப்புத் துருவோடு மல்லுக்கட்டிய படகுகளை பிரிட்டனின் பி.ஓ.ஏ.சி. 1950இல் கைகழுவியது. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவுக்கோ 1974 வரை ஓடின. தீவுக்காரர்களுக்கு விமானதளம் கிடைத்த ஆண்டும் அதே 1974தான்.

அந்தக் காலத்து மிச்சம் ஏதாவது நம் கைக்கு எட்டுமா?
எம்.சி., புதுச்சேரி

உங்கள் ஊர்க்காரருக்கு ஏற்ற கேள்வி. அயர்லாந்தின் ஃபாய்ன்ஸ் பறக்கும் படகுத் துறையில், குளிரில் விறைத்து வந்த பயணிகளுக்குச் சமையல்காரர் ஜோ ஷெரிடன் காபியில் விஸ்கி கலந்து கொடுத்தார். அதுதான் ஐரிஷ் காபி. டிகிரி காபியில் இந்தப் பரிசோதனை வேண்டாம். காபி வீணாயிற்று என்பார் மனைவி; விஸ்கி வீணாயிற்று என்பார் மைத்துனர்.